என் வீட்டுல எனக்கு என்னா கதவு

அவர் கதவைத் தட்டி நான் கேட்டதில்லை. ரப்பர் செருப்பு ஈரச் சிமெந்தில் சப்புச் சப்பென்று வரும். சத்தம் நின்றால் கதவு திறக்கும். இடையில் ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அதற்குள் உடுப்பைச் சரிசெய்ய வேண்டும், படுத்துக் கிடந்தால் எழுந்து உட்கார வேண்டும், அழுதுகொண்டிருந்தால் முகத்தைத் துடைத்துவிட வேண்டும். ஹட்டனில் அவர் வீட்டில் இருந்த காலமெல்லாம் என் காது வாசல் பக்கமே திரும்பியிருந்தது. இப்போதும் எங்காவது அந்த மாதிரிச் செருப்புச் சத்தம் கேட்டால் கை தானாகத் துப்பட்டாவைத் தேடுகிறது.

எங்கள் வீட்டுக்கார அம்மா அவர். அப்படிக் கூப்பிட்டால் கோபம் வரும். ஆன்ட்டி என்றாலும் பிடிக்காது. "அத்தைன்னு கூப்புடு. நீ என்னா கடைக்கா வந்துருக்க? என் வீட்டுப் புள்ளதானே" என்பார். வாடகைக்கு இருந்த எல்லோரும் அத்தை என்றுதான் கூப்பிட்டோம். குள்ளமான ஆள். நைட்டிக்கு மேல் ஆண்கள் போடுகிற சாம்பல் நிற ஸ்வெட்டர், தலையில் சுற்றிய துவாய், கையில் ஒற்றைக் காப்பு. கணவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. குவைத்தில் வீட்டுவேலை செய்து, அந்தக் காசில் ரயில் நிலையத்துக்கு மேலே சரிவில் கட்டிய வீடு அது. முன்பக்கம் அவர் இருந்தார். பக்கவாட்டில் மூன்று அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் குசினி, தனி வாசல். இழுத்துச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகள். உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. மூன்று கதவுக்கும் அவரிடம் இன்னொரு சாவி இருந்தது.

நான் பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். ஹட்டனில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்து, தங்க இடம் தேடி அலைந்தேன். கல்யாணமாகாமல் தனியாக இருக்கப்போகிறவள், அதுவே முதல் குற்றம். இரண்டாவது குற்றம் விலாசம். "எந்தத் தோட்டம்?" என்பார்கள். சொன்னதும் அப்பாவுக்கு என்ன வேலை என்பார்கள். மலையில் வேலை செய்தவர் என்று சொன்னால், "நேத்துதானே வேற ஆளுக்குச் சொல்லிட்டோம்" என்பார்கள். வீடு வாடகைக்கு என்ற அட்டை அவர்கள் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருக்கும். பஜாரில் கடை வைத்திருந்த வீட்டு அம்மா ஒருவர் மட்டும் வெளிப்படையாகப் பேசினார். "ஒன்னையச் சொல்லல தங்கச்சி. லயத்து ஆளுகளுக்குக் குடுத்தா, பின்னாலேயே சொந்தக்காரங்க எல்லாம் வந்து தங்கிருவாங்க." இன்னொரு வீட்டில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, எந்தக் கோயில் கும்பிடுவீர்கள், இந்தியாவில் எந்த ஊர்ப் பக்கம் என்று சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள். கேள்வி எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

இவர் கேட்டது ஒன்றே ஒன்று. "சுடுதண்ணியில குளிப்பியா, பச்சத்தண்ணியா?"

சுடுதண்ணி என்றேன்.

"அப்ப கேஸ் அடுப்பு வாங்கிக்க. வெறகு வேணாம், செவுரு கறுத்துரும்."

அவ்வளவுதான். எந்தத் தோட்டம் என்பதை நானே சொன்னேன்.

"யாரு கேட்டா?" என்றார். "நான் உடப்புசல்லாவப் பக்கம். லயத்துலதான் பொறந்தேன். போ, சாமானக் கொண்டா."

அக்ரிமென்ட் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டார். "சொந்த வீட்டுல இருக்க யாராச்சும் அக்ரிமென்ட் எழுதுவாங்களா புள்ள?" அன்றைக்கு அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. படி இறங்கும்போது கண் கலங்கியதுகூட நினைவிருக்கிறது.

குடிவந்து சில நாட்களிலேயே தெரிந்துவிட்டது. வேலை விட்டு வந்தால் அறை நான் விட்டுப்போன மாதிரி இருக்காது. ஜன்னலோரம் இருந்த கட்டில் சுவர்ப்பக்கம் போயிருக்கும். "ஜன்னல் காத்து நெஞ்சுல ஏறும்." கயிற்றில் காயப்போட்ட துணிகள், உள்ளுடுப்பு உட்பட, மடித்துத் தலையணை மேல் வைக்கப்பட்டிருக்கும். குசினியில் பருப்புச் சட்டியின் மூடி சாய்ந்திருக்கும். சாயங்காலம் வந்து, "பருப்புல உப்பு கூடப் போடுற. ஊர் ரத்தத்த எல்லாம் பாக்குற, ஒன் ரத்தத்தப் பாக்க மாட்டியா?" என்பார். பேசிக்கொண்டே என் தலைமாட்டில் இருந்த பையைத் திறந்து பார்ப்பார். எதையும் எடுக்க மாட்டார். திறந்து பார்ப்பார், அவ்வளவுதான்.

ஒருநாள் உடுப்பு மாற்றிக்கொண்டிருக்கும்போது வந்துவிட்டார். கையில் கிழங்குத் தட்டு. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவர் தட்டை மேசையில் வைத்துவிட்டு, தண்ணீர்க் கட்டணம் கூடப்போவது பற்றிப் பேசத் தொடங்கினார்.

"அத்தை, வரும்போது ஒரு சத்தம் குடுத்துட்டு வாங்களேன்" என்றேன்.

"எதுக்கு?" உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

"நான் இப்படி நிப்பேன்ல."

"நான் என்னா ஆம்பளையா?" என்றவர், கொஞ்சம் யோசித்து, "என் வீட்டுல எனக்கு என்னா கதவு?" என்றார். அதில் திமிர் இல்லை. இன்றைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னார்.

என் அம்மா வந்து தங்கியபோது இரண்டு பேரும் ஒரே நாளில் ஒட்டிக்கொண்டார்கள். "நல்ல மனுசி" என்றார் அம்மா. "ஏன் மொகத்தத் தூக்கி வச்சிருக்க? நம்ம லயத்துல யாரு கதவத் தட்டிட்டு வந்தா?" உண்மைதான். எங்கள் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், ஆறு பேர் இருந்தோம். வயசுக்கு வந்த பிறகும் மறைவுக்கு ஒரு சேலைத் திரைதான். கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பதற்காகவும்தான் நான் படித்து வேலைக்கு வந்தேன் என்பதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடலாம் என்று பலமுறை நினைத்தேன். அந்த நேரத்தில்தான் காய்ச்சல் வந்தது. வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்தவள் வாந்தி எடுத்து, எழுந்திருக்க முடியாமல் தரையிலேயே கிடந்திருக்கிறேன். செருப்புச் சத்தம் கேட்டது மட்டும் தெரியும். சாவி போட்டுத் திறந்து, என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு அத்தனை படியும் இறக்கி, ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். அங்கே தாதி, "நீங்க யாரு?" என்று கேட்டதற்கு, "அத்தை" என்றாராம். வார்டில் என்னோடு தங்கிக் கஞ்சி ஊட்டினார். வீட்டுக்கு வந்த பிறகு அதை எனக்கு மறக்கவிடவில்லை. "தாப்பா போட்டுருந்தா என்னா ஆகியிருக்கும்? சொல்லு, என்னா ஆகியிருக்கும்?" உயிரைக் காப்பாற்றியவரிடம் கதவைத் தட்டச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேறு வீடு தேடுவதையும் நிறுத்திவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வாசற்படியில் உட்கார்ந்து போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டே குவைத் கதை சொன்னார். மாடி வைத்த வீடு. எல்லா அறைக்கும் தேக்குக் கதவு. இவருக்குப் படுக்கை குசினியில், உடுப்புக் கழுவும் மெஷினுக்குப் பக்கத்தில்.

"குசினிக்குத்தான் கதவே வைக்கலையே. மேடம் நெனச்ச நேரம் வரும், லைட்டப் போடும், தேத்தண்ணி கேக்கும். அதோட மகன் வருவான், ஃப்ரிட்ஜத் தொறப்பான். நான் போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுக் கெடப்பேன்."

"ஒங்களுக்குக் கஷ்டமா இல்லையா அத்தை?"

"இருந்துச்சு. அதான் வீடு கட்டுனேன்."

நான் காத்திருந்தேன். இந்த இடத்தில் அவருக்கு ஏதாவது தட்டுப்படும் என்று நினைத்தேன். அவர் போஞ்சியை நறுக்கிக்கொண்டே, "இப்ப பாரு, எந்தக் கதவயும் நான் தொறக்கலாம்" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிறைவு.

அடுத்த அறைக்குக் கோகிலா வந்தது அதற்குப் பிறகு. என் வயதுதான் இருக்கும். நாலு வயதுப் பெண் குழந்தையோடு கினிகத்தேனையிலிருந்து வந்திருந்தாள். புருஷன் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் அடித்ததில் அவளுடைய இடது காது சரியாகக் கேட்காது. பஜாரில் ஒரு புடவைக் கடையில் வேலை கிடைத்தது, வீடுதான் கிடைக்கவில்லை. புருஷனை விட்டுவிட்டு வந்தவள் என்றதும் டவுனே கையை விரித்துவிட்டது. அத்தை அவளிடமும் சுடுதண்ணியா பச்சத்தண்ணியா என்றுதான் கேட்டிருக்கிறார். அவள் பதில் சொல்வதற்குள், "புள்ளைக்குச் சுடுதண்ணிதான்" என்று தானே முடிவுசெய்து தன்னிடமிருந்த பழைய கேஸ் அடுப்பைத் தூக்கிக் கொடுத்தார். அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தையையும் அவர்தான் பார்த்துக்கொண்டார்.

கோகிலா முதல் சம்பளத்தில் ஒரு தாழ்ப்பாள் வாங்கினாள். கடைப் பையனிடம் சுத்தியல் கேட்டு வாங்கிவந்து தானே அடித்தாள். மறுநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது தாழ்ப்பாள் கழற்றப்பட்டு, ஆணிகளோடு மேசையில் இருந்தது. கதவில் இருந்த ஓட்டைகளை மெழுகால் அடைத்திருந்தார் அத்தை.

"என் கதவுல யாரக் கேட்டு ஆணி அடிச்ச?" என்றார். சத்தம் போடவில்லை. மனம் நொந்துபோன குரல். "நான் என்னா திருடியா? ஒன்ன நம்பி வீட்டக் குடுத்தேன், நீ என்ன நம்ப மாட்டேங்குற."

"ஒங்களுக்குப் பயந்து போடல அத்தை" என்றாள் கோகிலா. "சத்தம் கேட்டா நெஞ்சு அடிச்சுக்குது. தாப்பா போட்டாத்தான் தூக்கம் வருது."

"நான் இருக்கையில என்னா பயம்?"

நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே போனேன். "அத்தை, அவ வாடகை குடுக்குறா. அந்தக் காசுக்கு ரூம் மட்டும் இல்ல, கதவும் அவளோடதுதான்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த டவுன்ல எத்தன படி ஏறி எறங்குன? ஒருத்தராவது ஒனக்குக் கதவத் தொறந்தாங்களா? தொறந்தவ நான். இப்ப எனக்கே கதவப் பத்திப் பாடம் எடுக்குறியா?"

அது உண்மை என்பதுதான் என் சிக்கல். நான் சொன்னதும் உண்மைதான். கோகிலா தாழ்ப்பாளை எடுத்து அலுமாரிக்குள் வைத்தாள். அன்றிலிருந்து படுக்கும்போது மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுக்கும் சத்தம் என் அறைக்குக் கேட்கும். காலையில் மறுபடி இழுக்கிற சத்தம் கேட்டால்தான் நானும் எழுவேன்.

கோகிலாவின் புருஷன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தான். நல்ல மழை. கூடவே அவன் அம்மா. கையில் ஆப்பிள் பை, பிளாஸ்டிக் பொம்மை. கோகிலா ஜன்னல் வழியாக அவர்கள் படியேறுவதைப் பார்த்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். நான் அப்போது கடைக்குப் போயிருந்தேன். நான் படி ஏறி வரும்போது அவர்கள் அத்தை வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா அழுதுகொண்டிருந்தார். கூடச் சேர்ந்து அத்தையும் அழுதுகொண்டிருந்தார்.

"குடிய விட்டுட்டானாம்" என்றார் என்னைப் பார்த்து. "கோயில்ல சத்தியம் பண்ணியிருக்கானாம். புள்ள மொகத்த ஒரு தடவ பாத்துட்டுப் போறேங்கிறான்."

"அத்தை, அவ வேணாம்னா விட்டுருங்க. அவளக் கேளுங்க முதல்ல" என்றேன்.

அவர் போய்க் கோகிலாவின் கதவுக்கு முன்னால் நின்று, "வெளிய வா புள்ள, பேசித் தீத்துக்க" என்றார். "நான் இருக்கேன்ல" என்றார். உள்ளேயிருந்து கோகிலா, "வேணாம் அத்தை, தொறக்காதீங்க" என்றாள். அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். நான் எட்டி அவர் கையைப் பிடிக்கப் போவதற்குள் சாவி திரும்பிவிட்டது.

மேசையை முட்டுக்கொடுக்கக் குழந்தையைக் கீழே விட அவளுக்கு மனம் வந்திருக்காது. பின்னாலேயே வந்து நின்றிருந்த அவன் எங்கள் இருவரையும் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். பொம்மையைக் கீழே போட்டான். அவளைச் சுவரில் மோதித் தள்ளிவிட்டுக் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு படியில் பாய்ந்தான். பேச்சே இல்லை. அவன் அம்மா ஏற்கெனவே கீழே ஆட்டோவில் ஏறியிருந்தார். அழுகையெல்லாம் எங்கே போனதோ. கோகிலா பின்னால் ஓடினாள். அவளுக்குப் பின்னால் அத்தை ஓடினார். ஒரு செருப்பு படியிலேயே கழன்றுவிட்டது. ஆட்டோ பஜார் பக்கம் திரும்பும்வரை நடு ரோட்டில் மழையில் நின்று, "டேய், நில்லுடா, நில்லுடா" என்று கத்தினார்.

பொலிஸுக்கு மூன்று பேரும் போனோம். பெண் அதிகாரி ஒருவர் கோகிலாவுக்கு உட்கார நாற்காலி கொடுத்து எழுதத் தொடங்கினார். கதவு பூட்டியிருந்ததா, அவன் எப்படி உள்ளே வந்தான் என்று சிங்களத்தில் கேட்டார். கோகிலா என்னைப் பார்த்தாள். நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போது அத்தை எழுந்து நின்று, "தொர எரியே மம, மிஸ்" என்றார். கதவைத் திறந்தது நான் என்று அர்த்தம். அதிகாரி சரி என்று தலையாட்டி அடுத்த கேள்விக்குப் போனார். இவர் விடவில்லை. "மமய், மிஸ். மமய்", நான்தான், நான்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எழுதிக்கொள்ளுங்கள் என்று கையைக் காட்டினார். காலையில் ஆள் அனுப்புவதாகச் சொல்லி எங்களை அனுப்பினார்கள்.

விடிந்ததும் அத்தை எங்கள் இரண்டு பேரையும் கிளப்பிவிட்டார். பொலிஸ் வரட்டும், நாம் முன்னால் போவோம் என்றார். கினிகத்தேனைக்கு முதல் பஸ். கோகிலாவின் நெற்றி வீங்கியிருந்தது. கடைகளுக்குப் பின்னால் இருந்தது அந்த வீடு. வாசலில் அவன் அம்மா பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். ஆட்டோவைக் காணவில்லை. கோகிலா வேலியோரமே நின்றுவிட்டாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது, யாரைக் கூப்பிடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் அத்தை நேரே நடந்தார்.

எங்கள் அறைகளுக்குள் எப்படி வருவாரோ அப்படியே போனார். வாசலில் உட்கார்ந்திருந்தவரைத் தாண்டி, முன்னறையைத் தாண்டி, குசினிக்குள். அவனுடைய தங்கை அடுப்படியில் நின்றிருந்தாள். அத்தை சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"பாப்பா சாப்புட்டுச்சா?"

"இன்னும் இல்ல" என்றாள் அந்தப் பெண். யார் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. சொந்தக்காரர் யாரோ வந்திருக்கிறார் என்றுதான் நினைத்திருப்பாள்.

"செருப்பு எங்க பாப்பாவோடது?"

அவள் குனிந்து செருப்பை எடுத்துக் கொடுத்தாள். பாயில் உட்கார்ந்திருந்த குழந்தை அத்தையைப் பார்த்ததும் கையைத் தூக்கியது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, போன வழியே வெளியே வந்தார். அத்தை உள்ளே போனபோது திகைத்து உட்கார்ந்துவிட்ட பாட்டி, அவர் வாசலைக் கடக்கும்போதுதான் எழுந்து கூச்சல் போட்டார். அதற்குள் குழந்தை கோகிலாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. ஹட்டன் பக்கம் போகும் பஸ் ஒன்று வந்தது, கைகாட்டி ஏறினோம்.

பஸ்ஸில் அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து முன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு சீட் பின்னால் குழந்தையோடு உட்கார்ந்திருந்த கோகிலா ஒருமுறைகூட அவர் பக்கம் பார்க்கவில்லை.

பொலிஸ் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரித்தது. பிறகு அது கோர்ட்டுக்குப் போய், குழந்தை தாயோடு இருக்கலாம் என்று ஆனது. ஆனால் அதற்கு முன்பே கோகிலா வீட்டை விட்டுப் போவதென்று முடிவெடுத்துவிட்டாள். அத்தை கடைக்குப் போய் மூன்று தாழ்ப்பாள் வாங்கி, மரவேலைக்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்து கோகிலாவின் வாசலில் நின்றார். "எந்த ஒயரத்துல வைக்கணும்னு நீயே சொல்லு" என்றார்.

"நாங்க இந்த மாசத்தோட போறோம் அத்தை."

"போறவரைக்கும் வேணும்ல" என்றார்.

தாழ்ப்பாள் வைத்த பிறகு, தன்னிடமிருந்த சாவிகளையும் எங்களிடம் கொடுத்துவிட்டார். கோகிலா போகும் அன்று பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவரே படி இறங்கினார். கோகிலா என்னிடம் மட்டும் சொன்னாள்: "எடம் குடுத்ததும் அவங்கதான். தொறந்து விட்டதும் அவங்கதான். புள்ளயத் தூக்கிட்டு வந்ததும் அவங்கதான். எனக்கு என்னா சொல்றதுன்னே தெரியல. அதான் ஒன்னும் சொல்லாம போறேன்."

அதன் பிறகு அத்தை என் கதவுக்கு வெளியே நின்று, "புள்ள" என்று கூப்பிடுவார். நான் வந்து திறக்கும்வரை நிற்பார். நான் ஆசைப்பட்டது அதுதான். ஒருநாள் பேச மனமில்லாமல், தூங்குவதுபோல இருந்துவிட்டேன். கொஞ்ச நேரம் நின்றவர் திரும்பிப் போய்விட்டார். கதவு என்னுடையதாகிவிட்டது. ஆனாலும் அன்று எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன்.

கல்யாணமாகி நுவரெலியாவுக்கு வந்தேன். எங்கள் இப்போதைய வாடகை வீட்டு முதலாளி மிக ஒழுங்கான மனிதர். அக்ரிமென்ட் உண்டு. எங்கள் மாடிப்படியில் அவர் கால் வைத்ததில்லை. எதுவானாலும் போனில் மெசேஜ்தான். ஏப்ரல் சீசன் நெருங்கும்போது, அந்த ஒரு மாதம் வீட்டை உல்லாசப் பயணிகளுக்குக் கொடுப்பதால் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி மரியாதையாக மெசேஜ் வரும். அக்ரிமென்ட்டில் அதுவும் இருக்கிறது. நாங்கள் உடுப்புகளைக் கட்டிக்கொண்டு பூண்டுலோயாவுக்குப் போய்விட்டு மே மாதம் திரும்புவோம். வந்து பார்த்தால் கட்டிலில் யாரோ படுத்த வாசம் இருக்கும்.

நான் இங்கே வந்த பிறகு பெய்த ஒரு பெருமழையில் அத்தை வீட்டுக்குப் பின்னால் மண் சரிந்தது. வீடு விழவில்லை. ஆனால் சுவர் பிளந்துவிட்டது, இனி யாரும் அங்கே இருக்கக்கூடாது என்று அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கியிருந்த நாட்களில் அவர் செய்த முதல் வேலை, அப்போது வாடகைக்கு இருந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டவுனெல்லாம் நடந்ததுதான். "நல்ல புள்ள, என் வீட்டுப் புள்ள, நான் பொறுப்பு" என்று வீட்டுக்காரர்களிடம் பேசி ஒவ்வொருவருக்கும் இடம் பிடித்துக் கொடுத்தார். பிறகு தனக்குத் தேடினார். அப்போது ஒருமுறை போனில் சிரித்துக்கொண்டே சொன்னார். "தனியாளாங்கிறாங்க. வயசாச்சேங்கிறாங்க. ஏதாச்சும் ஒன்னு ஆச்சுன்னா யாரு பாக்குறதுங்கிறாங்க. ஒருத்தன் எந்தத் தோட்டம்னு கேக்குறான் புள்ள, என்கிட்ட."

கடைசியில் உடப்புசல்லாவைக்கே போய்விட்டார், தம்பியின் லயக் காம்பராவுக்கு. போன மாதம் பார்க்கப் போனேன். தம்பி, தம்பி மனைவி, மகன், மருமகள், கைக்குழந்தை. அத்தைக்கு இஸ்தோப்பில், அந்த முன் தாழ்வாரத்தில், பிளாஸ்டிக் விரிப்பு கட்டி மறைத்து ஒரு பலகைக் கட்டில். அதே சாம்பல் ஸ்வெட்டர். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே வா என்று சொல்லவில்லை. "இங்கேயே உக்காரு" என்று கட்டிலைத் தட்டினார். பிறகு எழுந்துபோய் உள்வாசலில் நின்றார். நிலையைத் தாண்டவில்லை.

"என்னா புள்ள, வந்திருக்கிற புள்ளைக்குக் கொஞ்சம் தேத்தண்ணி போட்டுக்கட்டுமா?"

உள்ளேயிருந்து தம்பி மனைவி, "போடுங்க மதினி, அதுக்கு என்னா கேள்வி" என்றார். நல்ல குரல்தான். ஆனாலும் அந்தப் பதில் வரும்வரை அவர் நின்ற விதத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தேயிலை மலைப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எங்க வீட்டுக்கு வந்துருங்க அத்தை" என்றேன், கோப்பையை வாங்கும்போது.

"வாடகை வீட்டுக்குப் புது ஆளக் கூட்டிட்டுப் போனா வீட்டு மொதலாளி ஒங்களயும் கெளப்பிருவாரு. எனக்குத் தெரியாதா? குடி, ஆறுது."

அவர் சொன்னது சரி. திரும்பி வரும் பஸ்ஸிலிருந்தே வீட்டு முதலாளிக்கு மெசேஜ் போட்டேன். இறங்குவதற்குள் பதில் வந்துவிட்டது. அக்ரிமென்ட்டில் இரண்டு பேர் மட்டும்தான் என்றும், வருந்துவதாகவும் எழுதியிருந்தார்.

இப்போது நானும் கணவரும் வேறு வீடு தேடுகிறோம். அத்தை வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு வாரம் வெளியே நின்று கூப்பிடுவார், பிறகு சட்டி மூடியைத் தூக்குவார், கட்டிலை நகர்த்துவார். கணவரிடம் அதையும் சொல்லி வைத்திருக்கிறேன். நேற்றும் ஹக்கலைப் பக்கம் ஒரு வீடு பார்த்தோம். இரண்டு அறை, நல்ல வெளிச்சம். வீட்டுக்கார அம்மா எத்தனை பேர் என்று கேட்டார்.

"மூனு பேர்" என்றேன்.

"நீங்க ரெண்டு பேரு. இன்னொருத்தர் யாரு?"

"எங்க அத்தை."

"மாமியாரா, அப்பா கூடப் பொறந்தவங்களா?"

கணவர் என்னைப் பார்த்தார்.

"அப்பா கூடப் பொறந்தவங்க" என்றேன்.

அந்த அம்மா யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.